நடந்து பார்க்கும் சோதனை

அந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்தது ஒரு சாதாரணக் காலையில். சாமான் லாரி பின்வாங்கும்போது கேட் கம்பத்தில் லேசாக இடித்தது. அதைத் தவிர அபசகுனம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பழைய வீடு. உயரமான ஜன்னல்கள், மேல்பாதியில் கண்ணாடி பதித்த பின்கதவு, அதைத் திறந்தால் நீளமான தோட்டம். தோட்டத்தின் கோடியில் ஒரு பெரிய மரம், அதன் நிழலில் ஒரு கல் தொட்டி. தொட்டியில் தண்ணீர் இல்லை. ஒரு சருகுகூட இல்லை. நாள் முழுக்க இலை உதிர்க்கும் மரத்தின் அடியில் ஒரு தொட்டி இப்படித் துடைத்து வைத்தாற்போல் கிடப்பதைப் புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருமே பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சாமான் இறக்கப் போனார்கள். பணத்தைக் கொடுத்துப் பத்திரம் பதிந்த பிறகு வீட்டில் குறை கண்டுபிடிக்க யாருக்கு மனசு வரும்?

அதிலும் குறை கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருந்த மனிதர் அவர். வெப்பமானிகளும் அழுத்தமானிகளும் செய்கிற தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுத் துறையின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த நீண்ட பதவியைப் பித்தளைப் பலகையில் பொறித்து வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டார். கடைசியில் 'ஓய்வு' என்ற சொல் மட்டும் எறும்பு அளவுக்கு இருந்தது. தொழிற்சாலையில் யாரும் அவரைப் பதவியைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரிஜெக்ட் சார் என்பதுதான் பெயர். கருவி எதுவானாலும் அதன் கண்ணாடி முகத்தை ஆள்காட்டி விரல் நகத்தால் இரண்டு முறை தட்டுவார். டக், டக். பிறகு முள்ளைப் பார்ப்பார். பிறகு, "ரிஜெக்ட்." புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் அவர் ஓதிய வேதம் ஒன்றுதான்: "அளவு நம்பற மாதிரி இல்லன்னா, அளந்த பொருள சந்தேகப்படாத. கருவிய சந்தேகப்படு. தூக்கிப் போடு."

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த நகம் ஓயவில்லை. கடிகாரம், ஃபிரிட்ஜ், டீ டம்ளர், ஒரு முறை பல் டாக்டரின் மூக்குக் கண்ணாடி.

மனைவி பிசியோதெரபிஸ்டாக இருந்தவள். முழங்கால் மடங்காதவர்களும் தோள் தூக்க முடியாதவர்களும் வரிசையில் நின்று அவளிடம்தான் வருவார்கள். காரணம், கை. அப்படியொரு சூடு. ஒத்தடப் பையே வேண்டாம், அவள் கையை வைத்தாலே போதும் என்பார்கள். சூட்டுக்கை என்று நோயாளிகள் வைத்த பெயர் அவளுக்கும் பிடித்துவிட்டது. அவளுக்கும் ஒரு பழக்கம் உண்டு. வெளியிலிருந்து எப்போது வந்தாலும் வாசல் மிதியடியின் கோணலை வலது கால் கட்டைவிரலால் இழுத்து நேராக்கிவிட்டுத்தான் காலை உள்ளே வைப்பாள். "மிதியடி என்ன, உன் நோயாளியா?" என்று அவர் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆமா, பாவம், முதுகு வளைஞ்சு கெடக்கு" என்று அவளும் சளைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கேமரா வாங்கும் பேச்சைத் தொடங்கியவள் அவள்தான். கல் தொட்டியின் விளிம்பில் பறவைகளுக்கென்று தினமும் மாலையில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைப்பாள். காலையில் கிண்ணம் காலியாக இருக்கும்.

"ஏங்க, இந்தத் தண்ணிய யாரு குடிக்கிறா?"

"ஆவியாயிடும்."

"ஒரே ராத்திரியிலயா? நீங்க வெச்சா ஆவியாகும். நான் வெச்சா யாரோ குடிக்கிறாங்க."

தோட்டத்தில் கட்டிவைக்கும் காட்டுயிர்க் கேமரா என்று ஒன்று உண்டு, எதிரே உடம்புச் சூடுள்ள ஏதாவது நகர்ந்தால் தானாகவே படம் எடுக்கும் என்று அவள் எங்கோ படித்திருந்தாள். ஒன்று வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்பது அவள் எண்ணம். ஆனால் ரிஜெக்ட் சாருக்கு ஓய்வுக்குப் பிறகு கிடைத்த முதல் புராஜெக்ட் அது. அவ்வளவு சுலபமாகத் தீர விடுவாரா? சாப்பாட்டு மேஜை காகிதங்களுக்கடியில் மறைந்தது. எந்தக் கேமராவின் சென்ஸார் எவ்வளவு தூரம் பார்க்கும், எது இருட்டில் சிவப்பாக மினுங்கி மிருகத்தை விரட்டும், எது மினுங்காது, எது ஒரே மூச்சில் மூன்று படம் எடுக்கும் என்று அட்டவணை போட்டார். அவள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

"நம்ம கல்யாணத்துக்கு இவ்ளோ ஆராய்ச்சி பண்ணீங்களா?"

"அப்ப ஒரே மாடல்தான் வந்துது."

முதல் கேமரா வந்த அன்று மதியமே அதை மரத்தில் வார்ப்பட்டை போட்டுக் கட்டினார். வெயில் நேராக விழக் கூடாது என்பதால் லென்ஸ் வீட்டைப் பார்த்தபடி இருந்தது: முன்னால் தொட்டி, பிறகு புல், துணிக்கொடி, கடைசியில் பின்கதவும் மிதியடியும். அதில் நடந்து பார்க்கும் சோதனை என்று ஒரு வசதி இருந்தது. பொத்தானை அழுத்திவிட்டு எதிரே நடந்தால், சென்ஸார் ஆளை உணரும்போதெல்லாம் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

"நட" என்றார். அவள் நடந்தாள். விளக்கு எரிந்தது.

"இன்னும் மெதுவா. நீ ஒரு பூனைன்னு நெனச்சுக்க."

"அந்தக் காலத்துல மயிலுன்னு சொன்னீங்க."

"அப்ப எனக்கு சென்ஸார் சரியில்ல."

அவள் சிரித்துக்கொண்டே நடந்தாள். விளக்கு அவள் காலடிக்குக் காலடி எரிந்தது. அந்தச் சோதனையில் அவள் தேறியது அதுதான் கடைசி.

அன்று மாலை அவள் கிண்ணத்தை வைக்கப் போனாள். திரும்பி வர நேரமாயிற்று. அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு கையை உள்ளே விட்டு, தண்ணீரை அளைவதுபோல் அளைந்துகொண்டிருந்தாள். தொட்டியில்தான் தண்ணீர் இல்லையே என்று நினைத்தார். பிறகு வந்துவிட்டாள். "ரொம்ப சில்லுன்னு இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பின்கதவைத் தாழ் போடப் போனவர் கோணலாகக் கிடந்த மிதியடியில் தடுக்கி விழப் பார்த்தார். மிதியடியைத் திட்டினார்.

அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் அவரால் எத்தனை யோசித்தும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

மறுநாள் காலை மெமரி கார்டில் நூற்றுக்கணக்கில் படங்கள். எல்லாம் வெறும் புல். பூனை இல்லை, எலி இல்லை, ஒரு பூச்சிகூட இல்லை. எதுவும் இல்லாத இடத்தைக் கேமரா விடிய விடியப் படம் பிடித்திருந்தது. பட்டப்பகலிலும் பிடித்தது. ஒவ்வொரு படத்திலும் தொட்டியை ஒட்டி ஓரிடத்தில் புல் படிந்திருந்ததை அவர் கவனித்தார். காற்று, என்று சொல்லிக்கொண்டார்.

வாங்கிய தளத்தில் அன்றே ஒற்றை நட்சத்திரம் கொடுத்து விமர்சனம் எழுதினார். 'துறையில் நீண்டகால அனுபவம் உள்ளவன் என்ற முறையில் கூறுகிறேன். இக்கருவி இல்லாததைக் கண்டு இருப்பதாக நம்புகிறது. அன்பர்கள் ஏமாற வேண்டாம்.' படித்தவர்கள் ஏழு பேர் பயனுள்ளது என்று அழுத்தியிருந்தார்கள். அன்றைக்கு அவர் நடையே மாறியிருந்தது.

இரண்டாவது கேமரா விலையிலும் மேல், தரத்திலும் மேல். கட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

"நட."

விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார், அது எரியவில்லை.

"நடன்னு சொன்னேன்ல."

"நடந்தேனே."

"இன்னொரு தடவை நட."

இந்த முறை விளக்கையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் தொட்டியிலிருந்து கொடி வரை நடந்தாள், திரும்பி வந்தாள். விளக்கு எரியவில்லை. அவர் நடந்தார். எரிந்தது. அவள் நடந்தாள். எரியவில்லை. கேமராவின் முகத்தில் நகத்தால் தட்டினார். டக், டக். மறுபடி அவள். இல்லை.

"ரிஜெக்ட்" என்றார்.

அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அசையாமல் நின்றிருந்தபோது, எதிரே புல்வெளியில் யாருமே இல்லாதபோது, விளக்கு எரிந்தது.

அணைந்தது. எரிந்தது.

"பாரு, பைத்தியம் புடிச்ச கருவி" என்றார். டப்பாவைத் தேடி எடுத்தார்.

திருப்பிக் கொடுக்கக் கடைக்கே போனார்கள். தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு உள்ள பெரிய கடை. கேமரா டப்பாவைக் கட்டிக்கொண்டு அவர் பின்னால் வர, அவள் முன்னால் போய் நின்றாள். கதவு திறக்கவில்லை. ஓர் அடி பின்னால் வந்து மறுபடி முன்னால் போனாள். திறக்கவில்லை. அவர் வந்ததும் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டது.

"மன்னிச்சிருங்க மேடம், கதவு காலையிலேர்ந்தே மக்கர் பண்ணுது" என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்குச் சூட்டுக்கை சும்மா இருக்கிறவள் இல்லை. கதவையும் புருஷனையும் ஒரே வாக்கியத்தில் வாரியிருப்பாள். அவர் அதற்காகக் காத்திருந்தார். அவளோ கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள், புதுச் சட்டையைப் போட்டுப் பார்ப்பவர்கள் பார்ப்பதுபோல.

திரும்பும் வழியில் காரில் அவள் கையைத் தொட்டார். கல்.

கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். நர்ஸ் அவள் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "பேட்டரி போயிருச்சு போல." வேறொன்றைக் கொண்டுவந்தாள். "இதுவுமா? போன வாரம் வாங்குனதும்மா இது." டாக்டர் நாடியைப் பிடித்தார், பிடித்துக்கொண்டே இருந்தார், பிறகு தன் கைக்கடிகாரத்தை ஒரு முறை உதறினார். "ஏசியில இருந்துட்டு வந்திருக்காங்க. நல்லா சாப்பிடச் சொல்லுங்க, சாக்ஸ் போடச் சொல்லுங்க." வெப்பநிலைக் கட்டத்தில் எல்லாருக்கும் எழுதுவதையே எழுதினார்.

வாழ்நாள் முழுக்க ரிஜெக்ட் சார் ஓதிய வேதத்தை உலகமே ஓதிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் அளந்த பொருளைச் சந்தேகப்படவில்லை. அவருக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். சீட்டை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.

மூன்றாவது கேமராவை அவர் அட்டவணை பார்த்து வாங்கவில்லை. இருப்பதிலேயே உசத்தி எதுவோ அதைக் கொடுங்கள் என்று வாங்கினார். குறை இதுவரை வந்த கருவிகளிலேயே இருந்துவிடட்டும் என்ற பிரார்த்தனையோடு கட்டினார். சோதனைக்கு அவளைக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை. நல்ல வெயில். சமையலறையில் டீ கொதித்த வாசனை. அவர் மேஜையில் லேப்டாப்பைத் திறந்தார். அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் ஊற்றிய டீ அவள் கைக்குள் ஆடை கட்டிக் கறுத்துப்போயிருந்தது.

இந்தக் கேமராவில் ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. தொட்டியருகே படிந்திருந்த புல், அடுத்த படத்தில் ஓரடி தள்ளி. அதற்கடுத்ததில் இன்னும் ஓரடி. இரண்டு பாத அளவுக்கு மட்டும் படிந்து, நிமிர்ந்து, படிந்து. துணிக்கொடியைத் தாண்டி. காய்ந்துகொண்டிருந்த அவளுடைய சேலை, வழியில் நின்றால் கையால் ஒதுக்குவார்களே, அப்படி ஒதுங்கியிருந்தது. பிறகு பின்வாசல்.

கடைசி மூன்று படங்களை அவர் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளினார்.

முதலாவதில் மிதியடி கோணலாகக் கிடந்தது.

இரண்டாவதில் அதன் வலது மூலை லேசாகத் தூக்கியிருந்தது.

மூன்றாவதில் நேராக இருந்தது.

யாரும் இல்லை.

அவர் திரும்பத் திரும்ப அந்த மூன்றையும் பார்த்தார். லேப்டாப் திரையை நகத்தால் தட்டப் போனவர் விரலை மடக்கிக்கொண்டார். தட்ட வேண்டியிருக்கவில்லை. கேமரா சரியாக வேலை செய்தது. முதலாவதும் சரி, இரண்டாவதும் சரி, கடைக் கதவும் சரி, நர்ஸின் பேட்டரியும் சரி. சூடு எங்கே இருந்ததோ அங்கே காட்டின. எங்கே இல்லையோ அங்கே காட்டவில்லை. இத்தனை நாளாக ஒருத்தி வீட்டுக்கு வர நடந்துகொண்டிருந்தாள். அவளைக் காட்டிக்கொடுத்த கருவிகளையெல்லாம் அவர் டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்.

எழுந்து பின்கதவுக்குப் போனார்.

கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், அவள் வாய் இருக்கும் உயரத்தில், ஆவி படிந்திருந்தது. மெல்ல மறைந்தது. மறுபடி படிந்தது. மறைந்தது.

மூச்சு.

அதற்குப் பக்கத்தில் கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஓர் இடம் மட்டும் சூடாக இருந்தது. கை அகலத்துக்கு. முப்பது வருஷம் தன் கழுத்தையும் தோளையும் பிடித்துவிட்ட சூடு. அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார் அது யார் என்று.

"திறக்காதீங்க."

அவள் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். காலடி கேட்கவில்லை. முகம் கண்ணாடிக்கு வெகு அருகில் இருந்தது. அவள் பக்கத்துக் கண்ணாடியில் ஆவி படியவில்லை.

"அது யாரு?" என்று கேட்டார்.

"என்ன மாதிரியே இருக்கும். அதான் அதோட வேலை. உள்ள வரப் பாக்குது."

"மிதியடிய..."

"எல்லாம் கத்துக்கிட்டிருக்கும். பாத்துக்கிட்டே இருந்திருக்குல்ல." அவள் குரலில் அவளுடைய குரலின் எல்லா வளைவுகளும் இருந்தன. "ஏங்க, நான் இங்க நிக்கறேன். கண்ணு முன்னாடி நிக்கறேன். என்னை நம்ப மாட்டீங்களா?"

தாழ்ப்பாளில் அவர் விரல் இருந்தது. ஒரு தோட்டத்துக் கேமராவுக்காக மேஜையை அடைத்து அட்டவணை போட்டவர். ஆயிரக்கணக்கில் நல்லதையும் சொத்தையையும் நகத்தால் தட்டியே பிரித்தவர். இரண்டே இரண்டுதான் இப்போது அவர் முன்னால் இருந்தது; எதைத் தள்ளுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் விரல் அசையவில்லை. முகம் இங்கே இருந்தது. கன்னத்து மச்சம் இங்கே இருந்தது. பேசிய வாய் இங்கே இருந்தது. வெளியே இருந்தது வெறும் சூடு.

கண்ணாடியில் ஆவி வேகவேகமாகப் படிந்தது. ஓடி வந்தவர்களின் மூச்சு போல. அழுகிறவர்களின் மூச்சு போல.

அவர் கையைத் தாழ்ப்பாளிலிருந்து எடுத்தாள் அவள். தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டாள்.

"உங்க கை எவ்ளோ சூடா இருக்கு" என்றாள். "கொஞ்ச நேரம் இப்படியே வெச்சுக்கறேனே."

உருவிக்கொள்ளத்தான் நினைத்தார். குளிர் மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, பள்ளத்தைத் தேடும் தண்ணீர் மாதிரி சாவகாசமாக ஏறியது. உட்காரலாமே என்று அவள் சொன்னாள். உட்கார்ந்தார். ஈரக் கல்லின் வாசனை வந்தது. அன்று முழுதும் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். வேலியோரம் போன யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால், இந்த வயதில் எவ்வளவு அன்னியோன்னியம் என்று மெச்சியிருப்பார்கள்.

மறுநாள் விடிந்தபோது ரிஜெக்ட் சார் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தார்.

எப்போது எழுந்தார், எப்போது கதவைத் திறந்தார் என்று நினைவில்லை. உடம்பு லேசாக இருந்தது. குளிரெல்லாம் போய்விட்டிருந்தது, இளம் வயதில்கூட இப்படி ஒரு கதகதப்பை அவர் அறிந்ததில்லை. எல்லாம் கெட்ட கனவு என்று நினைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். நேற்று கார்டை எடுக்கும்போது விரல் பட்டோ என்னவோ, கேமரா சோதனை நிலையில் இருந்தது. எதிரே நடந்தார்.

விளக்கு எரிந்தது.

பளிச்சென்று, தயங்காமல், காலடிக்குக் காலடி. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. நான் சரியாக இருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

நின்றார். விளக்கு மறுபடி எரிந்தது.

அவர் கைக்குள் இன்னொரு கை வந்து கோத்துக்கொண்டது. சூடான கை. திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. கீழே பார்த்தார். புல் இரண்டு பாத அளவுக்குப் படிந்திருந்தது. அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு பாத அளவுக்கு. படிந்த புல் மட்டும்தான் இருந்தது.

வீட்டைப் பார்த்து ஓடினார். சேலை ஒதுங்கியது. பின்கதவின் கண்ணாடி வழியாகச் சமையலறை தெரிந்தது. மேஜையில் அவள். எதிரே, அவருடைய கட்டம் போட்ட சட்டையில், அவருடைய வழுக்கையோடு, ஒரு மனிதர் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஆடை கட்டிய டீயை மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தார்.

கத்தினார். கண்ணாடியில் ஆவி படிந்தது, அவ்வளவுதான்.

அவருக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தார். ஆள்காட்டி விரல் நகத்தால் கண்ணாடியைத் தட்டினார்.

டக், டக்.

உள்ளே இருந்தவர் திரும்பினார். கதவை நேராகப் பார்த்தார். கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார், புதுச் சட்டையைப் போட்டுப் பார்ப்பவர்கள் பார்ப்பதுபோல. பிறகு எழுந்து கதவைத் திறந்து வெளியே வந்தார். அவர் வெளியே வந்ததும் அவள் கதவு நிலையை அடைத்து நின்றுகொண்டாள். அந்த மனிதர் மிதியடியை மிதித்துத் தள்ளிவிட்டுப் புல்லைக் கடந்து மரத்தடிக்குப் போனார். கேமராவின் எதிரே போய் நின்றார். அதன் முகத்தைத் தட்டிப் பார்க்கவில்லை.

"இன்னும் எரிஞ்சுக்கிட்டே இருக்கா?" என்று கதவிலிருந்து அவள் கேட்டாள்.

"ஆமா. கருவி சரியில்ல." அவர் குரலில் அவருடைய குரலின் எல்லா வளைவுகளும் இருந்தன. "ரிஜெக்ட்."

மூடியைத் திறந்து பேட்டரிகளை உருவினார். சிவப்பு விளக்கு அணைந்தது. கேமராவை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது, தாழ் விழுந்தது, திரையும் விழுந்தது.

வாசலில் மிதியடி கோணலாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது.

பிறகு அதன் வலது மூலை லேசாகத் தூக்கியது.